மூச்சு விட்ட வெள்ளைக் கல்

கோமு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் நானே படித்துவிட்டேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த கை, உன் தமிழ் எழுத்து இன்னும் மலையாள எழுத்தைப் போல உருண்டு உருண்டுதான் நிற்கிறது. அதைக் கேலி செய்ய இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. கல்யாணமாகி வடக்கே போன இந்த ஐந்தரை வருஷத்தில் நீ எழுதியதெல்லாம், இங்கு அனைவரும் சௌக்கியம், அங்கு சௌக்கியமா என்கிற கார்டுதான். வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இந்தத் தடவை நான்கு பக்கம். அதிலும் ஒரு கேள்வி. நீ என்னிடம் கடைசியாகக் கேள்வி கேட்டது எப்போது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சுரங்கத்து ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போகத் தொடங்கியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில். எல்லாப் பிள்ளைகளின் அப்பாவும் காலையில் கூண்டில் ஏறி நிலக்கரி வெட்டப் பூமிக்குள் இறங்குகிறவர்கள். அதில் ஒரு பெண்குழந்தை எழுந்து நின்று, அப்பா இறங்கும் இடத்துக்கும் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டதாம். அப்புறம் சொல்கிறேன் என்று உட்கார வைத்தாயாம். நான் சின்னவளாக இருந்தபோது பாலை வைத்து ஏதோ சொன்னாயே அம்மா, அது என்ன, முழுசாக எழுது என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். மற்றதையும் எழுதுகிறேன். கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அப்புறம் எடுத்துப் படி.

நீ ஆறு வயசுக் குழந்தை. கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றாகியிருந்த காலம், கேரளம் என்ற மாநிலமே அப்போது கிடையாது. கொல்லையில் முருங்கைக் கம்பு நட அப்பா குழி தோண்டிக்கொண்டிருந்தார். மட்டாஞ்சேரி மண் உனக்குத் தெரியாததா? முழங்கை ஆழம் போவதற்குள் கறுப்புச் சேறு, அதற்குள்ளேயே தண்ணீர் ஊறி நிற்கும். நீ குழியின் விளிம்பில் குந்திக்கொண்டு இதற்குக் கீழே என்ன என்று கேட்டாய். வெள்ளம் என்றேன், தண்ணீரை நம் பக்கத்தில் அப்படித்தானே சொல்வோம். அதற்கும் கீழே? அதற்கும் கீழே வெள்ளம்தான், போய்க் காலைக் கழுவு என்றேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, எனக்கு அதுதான் கவலை. எனக்குத் தெரியாது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை மட்டும் என் வாயில் எப்போதும் வராது. என்னை யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்லியே தீருவேன், அது சரியோ தப்போ.

அதற்கப்புறம் ஒரு வாரம் நீ நுனிக்காலில் நடந்தாய். குதிப்பதில்லை, ஓடுவதில்லை. காலில் முள் குத்திவிட்டதோ என்று இரண்டு உள்ளங்காலையும் விளக்கில் காட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் அப்பாதான் மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டு வாங்கினார். நமக்குக் கீழே கொஞ்சம்தான் மண், அப்புறம் முழுக்க வெள்ளம், அழுத்தி மிதித்தால் வீட்டோடு உள்ளே போய்விடுவோம் என்று நினைத்திருக்கிறாய். அரிசி மூட்டையை மெல்ல இறக்கச் சொல்லி அவரிடம் வேறு கெஞ்சினாயாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்தப் பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, எங்களைக் காப்பாற்ற நீ நுனிக்காலில் நடந்திருக்கிறாய்.

சிரித்து முடித்த பிறகு உன்னைத் தூக்கி அடுப்புமேடையில் உட்கார வைத்தேன். காலையில் காய்ச்சிய பால் ஆறிக்கொண்டிருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான். ஆதியில் பூமி இந்தப் பால் மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆற ஆற மேலே ஆடை கட்டிற்று. நாம் அந்த ஆடை மேலே இருக்கிறோம். ஊது என்றேன். நீ ஊதினாய். ஆடை ஒரு பக்கமாகச் சுருங்கி மடிப்பு விழுந்தது. இதாக்கும் மலை, பாலக்காடு போகும்போது ரயிலில் பார்த்தாயே, அது, என்றேன். நீ அப்படியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாய். பிறகு விரலால் ஆடையை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, பூமியைத் தின்னாச்சு என்றாய். அன்று சாயங்காலமே குதிக்கத் தொடங்கிவிட்டாய்.

இதை நான் எங்கே படித்தேன் என்று நினைக்கிறாய்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் அண்ணன் சத்தம் போட்டுப் பாடம் படிக்கும்போது காதில் விழுந்தது கொஞ்சம், மீதி என் கைச்சரக்கு. பின்னால் உன் சயன்ஸ் டீச்சர், அது ஒன்றும் மோசமில்லை, குழந்தைகளுக்கு அப்படியே சொல்லலாம் என்றாள் என்று நீ வந்து சொன்னபோது மூன்று நாள் எனக்குத் தலைக்கனம். ஆனால் ஒன்று, கோமு. அன்றைக்கே நீ, ஆடை கிழிந்தால் என்ன ஆகும் என்று கேட்டாய். கிழியவே கிழியாது என்று கையில் கரண்டியை வைத்துக்கொண்டு சொன்னேன். உன் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லாதே. அவர்களுடைய அப்பாக்கள் இறங்குவது அந்த ஆடைக்குள்ளே. அது எவ்வளவு கனம், எத்தனை ஆள் ஆழம் போனாலும் அதன் பாதியைக்கூடத் தொட முடியாது என்று முதலில் சொல். கூரை இடியாமல் இருக்க மரத்தை முட்டுக் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதைச் சொல். எந்தப் பிள்ளையாவது நுனிக்காலில் நடக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துக்கொள்.

பிறகு நாம் திருப்பூணித்துறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். போட்டில் எறணாகுளம் போய், அங்கேயிருந்து பஸ். கல்யாண வீட்டுக்குப் பின்னால் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய பள்ளம், அதில் வெட்டுக்கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பூமியிலிருந்து நேராக, கட்டிக் கட்டியாக. அத்தனை ஆழத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உனக்கு நம்பவே முடியவில்லை. புதுப் பாவாடையோடு பள்ளத்தில் இறங்கி, வெட்டின இடத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாய். கெட்டியா இருக்கும்மா, கெட்டியா இருக்கு என்று கத்தினாய். வெட்டுகிறவர் சிரித்துக்கொண்டே, இப்போது கோடாலிக்கு இசையும், வெளிக்காற்றுப் பட்டால்தான் இறுகும் என்று மலையாளத்தில் சொன்னார். நான் பாவாடையைப் பார்த்து உன் முதுகில் ஒன்று வைத்தேன். அந்தச் செம்மண் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. நீ அந்தப் பாவாடையைத்தான் பிறகு ஆசையாகக் கட்டிக்கொள்வாய்.

அங்கே பொறுக்கிய துண்டுதான் உன் பிஸ்கட் டின்னில் முதல் கல். அப்புறம் டின் நிறைந்துகொண்டே போயிற்று. மட்டாஞ்சேரியில் கல்லுக்கு எங்கே போவது? சொந்தமாக ஒரு கல்கூட இல்லாத ஊர். அதற்கும் நீ வழி கண்டுபிடித்தாய். கொச்சங்காடியில் அப்பா சுக்குத் தரம் பிரிக்கிற சரக்குக் கிடங்கு, அந்தப் பாண்டிகசாலை முற்றத்தில் ஒரு கல்குவியல் கிடந்ததே. அந்தக் காலத்துக் காலிக் கப்பல்கள் கடலில் ஆடாமல் இருக்க அடியில் கல்லை நிரப்பிக்கொண்டு வருமாம், இங்கே மிளகு மூட்டை ஏற்றும்போது கல்லை இறக்கிவிட்டுப் போகுமாம். எந்தெந்தத் தேசத்துக் கல்லோ, கேட்பார் இல்லாமல் கிடந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகும் சாக்கில் நீ ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தாய். அதில் ஒன்றுதான் அந்த வெள்ளைக் கல். கை நிறைகிற அளவு, வழவழவென்று இருக்கும். அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குவாய்.

இனி நான் சொல்லப்போவதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. உனக்கு ஒன்பது வயசு. மாங்காய்க் காலம். உப்புமாங்காய் போட்டு, வாழைச்சருகை மூடி, மேலே கல்லை ஏற்றிப் பீங்கான் பரணியின் வாயைத் துணியால் கட்டியாக வேண்டும். கர்க்கடக மாசத்து அடைமழையில் கஞ்சிக்கு அதுதான் கதி. என் கல்யாணத்தோடு பாலக்காட்டிலிருந்து வந்த கறுப்பு ஆற்றுக்கல் ஒன்று அதற்கென்றே இருந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கிப் போயிருந்தாள். இடையில் அவளுக்கும் எனக்கும் கிணற்றடியில் சண்டை. போய்க் கேட்க என் வீறாப்பு விடவில்லை. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். உன் டின்னைத் திறந்து அந்த வெள்ளைக் கல்லை எடுத்தேன், வெந்நீரில் கழுவினேன், மாங்காய் மேலே ஏற்றி வைத்துக் கட்டிவிட்டேன்.

நாலைந்து நாள் நீ கல்லைத் தேடினாய். நான் அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் நான் கோயிலிலிருந்து வந்து பார்க்கிறேன், பரணியின் துணி அவிழ்ந்து கிடக்கிறது, சருகு தரையில், நீ தலையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறாய். நிமிர்ந்து பார்த்த உன் முகத்தில் கோபமே இல்லை. கல்லை எடுத்ததற்குக்கூட நீ கோபப்படவில்லை. கண் இரண்டும் அகலமாய், “அம்மா, கல்லு மூச்சு விடுது. காது வச்சுக் கேளு” என்றாய். நான் காது வைக்கவில்லை. அடித்தேன். கையில் கிடைத்த அகப்பையால் அடித்தேன். மூடி வைத்த பரணியைத் திறந்து கை வைத்தால் ஒரு வருஷத்து மாங்காயும் போச்சு என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே, குமிழி வருதும்மா, குமிழி வருது என்றே சொல்லிக்கொண்டிருந்தாய்.

மழை வந்தது, பரணியைத் திறந்தேன். மாங்காயெல்லாம் குழைந்து, கூழாகி, நாற்றம். கல்லைக் கழுவி உன் டின்னிலேயே திரும்பப் போட்டேன். அந்த மழைக்காலம் முழுக்கக் கஞ்சிக்கு உட்காரும்போதெல்லாம் உன்னைச் சொல்லிக் காட்டினேன். நீ திறந்ததால்தான் கெட்டது என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு வெறும் உப்பைத் தொட்டுக் கஞ்சி குடித்தாய். அடுத்த வருஷம் உன் சயன்ஸ் டீச்சரிடம் கேட்டுவிட்டு ஓடி வந்தாய். அது சுண்ணாம்புக்கல்லாம், கடலுக்கடியில் சிப்பியும் பூச்சியும் செத்துப் படிந்து படிந்து இறுகிய கல்லாம், புளிப்புப் பட்டால் நுரைக்குமாம், புளிப்பைத் தின்றுவிடுமாம், அதனால்தான் மாங்காய் கெட்டதாம். போடி, உன் டீச்சருக்கு உப்புமாங்காய் போடத் தெரியுமா என்றேன். ஆனால் எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எதில் வருகிறது, காயலில் வாரும் கக்காயைச் சுட்டுத்தானே? கக்காயும் சிப்பிதானே? பரணியைக் கெடுத்தது உன் கை இல்லை, கோமு, நான் வைத்த கல். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு எலுமிச்சம்பழம் தங்கியதா? அம்மியில் சாறு விட்டுப் பார்த்தாய், வாசல்படியில் விட்டுப் பார்த்தாய், எதுவும் நுரைக்கவில்லை. சுவரில் விட்டாய், நுரைத்தது. நம்ம வீட்டுச் சுவரும் சிப்பிதாம்மா, நாம சிப்பிக்குள்ளேதான் இருக்கோம் என்று குதித்தாய். சுவரெல்லாம் வழிந்து வழிந்து கோடு. திட்டினேன். திட்டிவிட்டு, நீ பள்ளிக்கூடம் போனதும் நானே அரைமூடி எலுமிச்சையைச் சுவரில் பிழிந்து காதை வைத்துப் பார்த்தேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. என்ன பெண்பிள்ளையடி நான்!

எறணாகுளம் காலேஜில் முதல் வருஷப் படிப்பு முடித்துவிட்டு, ஜியாலஜி படிக்கிறேன் என்று நீ வந்து நின்றது சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம். வெளியூரில் ஹாஸ்டலில் தங்க வேண்டும், சுத்தியலோடு மலை ஏற வேண்டும், கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். உன் டீச்சரே வீட்டுக்கு வந்தாள். சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறிப்போகும் வரை எனக்கு எடுத்துச் சொன்னாள். அப்பாவுக்கு அரை மனசுக்கு மேலே சம்மதம். நான்தான், “கல்லைத் தூக்கிக்கிட்டு காடு மலையா அலையறதுக்கா நான் பொண்ணு பெத்தேன் டீச்சர்?” என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றேன். நாலு ஆம்பிளைகளோடு கூடாரத்திலா என்றேன். அதெல்லாம் வாய்க்கு வந்த காரணம். நிஜக் காரணம் வேறே. உன் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியாத காலம் வந்துவிட்டது. நீ அந்தப் படிப்புக்குப் போனால் இனி நான் உனக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும் வாரம், எறணாகுளம் போட்டில் ஏறி, நடுக்காயலில் உன் டின்னைத் தண்ணீரில் விட்டேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து பெட்டி அடுக்கும்போது என் டின் எங்கே என்று கேட்டாய். காயலில் போட்டாச்சு என்றேன். “அந்த வெள்ளைக் கல்லுமா?” என்று கேட்டாய். எல்லாம்தான் என்றேன். நீ என்னைப் பார்த்தாய், பெட்டியை மூடினாய். நீ கேட்ட கடைசிக் கேள்வி அது. உன்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தனையும் செய்தவள், மூன்று நாள் ரயில் தூரத்துக்கு உன்னை அனுப்பிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க நான் விடவில்லை. உன் எலுமிச்சைக் கோடு இன்னும் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன், பேனாவை மூடி வைத்துவிட்டேன். வியாழக்கிழமை ஒரு சின்ன பாட்டிலில் போன வருஷத்து உப்புமாங்காய் நீரை ஊற்றிக்கொண்டு கொச்சங்காடிக்குப் போனேன். உன் அப்பா எங்கே என்று கேட்டார், கோயிலுக்கு என்றேன். பாண்டிகசாலை இப்போது வேறு முதலாளி கையில். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் தலைவர், அந்த மூப்பனுக்கு அப்பாவைத் தெரியும், உள்ளே விட்டார். முற்றத்தில் குவியல் பாதிதான் இருக்கிறது, மேலே புல் மண்டிக் கிடக்கிறது. அங்கே பாம்பு காணும் சேச்சி என்று அவர் தடுத்தார். நான் கேட்கவில்லை. முழங்கால் வலியோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகத் துடைத்து, ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கறுப்புக் கல், ஒன்றும் இல்லை. புள்ளி போட்ட சிவப்பு, ஒன்றும் இல்லை. ஒன்று நுரைத்தது, பார்த்தால் பழைய சுவர்த்துண்டில் ஒட்டிய சுண்ணாம்பு. அதில் ஏமாற நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். மூட்டை சுமக்கிறவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடியில் ஒன்று கிடந்தது. வெள்ளையே இல்லை, அழுக்குச் சாம்பல் நிறம், உன் கல்லைவிடச் சின்னது. குழாயடியில் கழுவிக்கொண்டு வந்து ஒரு சொட்டு விட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பொடிப் பொடியாகக் குமிழி. காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நீ சொன்னது நிஜம், கோமு. மூச்சுதான். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அந்த வெயிலில் உட்கார்ந்து கேட்டேன், அழுதேன். மூப்பன் பயந்துபோய் ஓடி வந்து, “எந்தா சேச்சி, இது எந்தக் கல்லு? எந்த நாட்டுது?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது” என்றேன். “என் மகளுக்குத் தெரியும். கேட்டுச் சொல்றேன்.”

கல்லைத் துணியில் சுற்றி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். உப்புமாங்காயும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்டியிருக்கிறேன், பயப்படாதே. உன் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் காதில் வைத்துக் காட்டு. அந்தப் பெண்குழந்தைக்கு முதலில் காட்டு. அது கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. பாலாடைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடும்போது வந்து எனக்குச் சொல்லிக்கொடு. நீ வருகிற அன்றைக்குப் பாலைக் காய்ச்சி ஆற வைத்திருப்பேன், ஆடை கலையாமல், கரண்டி போடாமல்.

அம்மா